படத்துக்கு வாடகை: சாவி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

சி.டி. கடை, கைபேசிச் செயலி, திரையரங்கு என்று படம் வாடகைக்கு மாறும் எல்லா இடங்களிலிருந்தும் இம்முறை கேள்விகள் வந்துள்ளன. பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து. வாசகர்கள் புகார் சொன்ன கடை, நிறுவனப் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சி.டி. கடை வைத்திருக்கிறேன். 600 ஒரிஜினல் டி.வி.டி. கையில் இருக்கிறது, எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. ஒரு நாளைக்கு 20 ரூபாய் வாடகை. உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் ஆள் வந்து, "வாடகைக்கு விடக்கூடாது" என்கிறார். நான் வாங்கிய பொருளை நான் வாடகைக்கு விடுவதை அவர் எப்படித் தடுக்கலாம்? இது ஏகபோகம் இல்லையா?

வட்டு உங்களுடையது. அதை வாடகைக்கு விடும் உரிமை உங்களுடையது அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, திரைப்படப் பிரதியை வணிக வாடகைக்கு விடும் உரிமையைப் படத்தின் உரிமையாளருக்கே கொடுக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒருமுறை விற்ற கேசட்டை வாங்கியவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் வாடகைக்கு விடலாம். 1980களில் அங்கே தெருவுக்குத் தெரு கேசட் கடை முளைத்தது அதனால்தான். நம் ஊரிலோ வாடகைக் கடையின் முதல் மூலதனமே உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி.

ஆகவே 600 வட்டுகளையும் முதலில் இரண்டாகப் பிரியுங்கள். திரைப்படத்தின் பதிப்புரிமை, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். 1964 டிசம்பர் வரை வெளியான படங்களுக்கு அது முடிந்துவிட்டது. அந்தப் படங்களின் ஒரிஜினல் வட்டை நீங்கள் தாராளமாக வாடகைக்கு விடலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்துப் புதிதாக வட்டு அடிக்காதீர்கள். படத்தின் உரிமை முடிந்தாலும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், கதாசிரியர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஏற்கெனவே சந்தையில் உள்ள பிரதியைக் கைமாற்றுவது ஒன்று, புதுப் பிரதி எடுப்பது வேறு.

மற்ற படங்களுக்கு, உறையின் பின்பக்கம் பாருங்கள். தணிக்கைச் சான்றிதழின் நகல், வட்டு தயாரித்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரின் பெயர் முகவரி, அவரிடம் அனுமதி பெற்றதற்கான உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. இவை இல்லாத வட்டு ஒரிஜினல் என்று சொல்லி உங்களிடம் தள்ளப்பட்டதாக இருக்கலாம், அதைத் தனியே எடுத்து வையுங்கள். பெயர் முகவரி உள்ளவற்றுக்கு, எத்தனை பிரதி, எந்தக் கடை, எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டு வாடகை அனுமதி கேட்டு எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: தமிழ்ப் படங்களில் நெகட்டிவ் உரிமை ஒருவரிடமும் வீடியோ உரிமை இன்னொருவரிடமும் இருப்பது சர்வ சாதாரணம். உங்களிடம் வந்த ஆள் எந்த உரிமையை, எந்த ஒப்பந்தத்தின்படி, எந்தத் தேதி வரை வைத்திருக்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

பென் டிரைவில் படம் ஏற்றித் தரும் வேலையும் உங்கள் கடையில் நடந்தால் இன்றே நிறுத்துங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதோடு, 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004 முதல் வீடியோ திருட்டும் சேர்ந்திருக்கிறது. அதில் போனால் ஓராண்டு வரை தடுப்புக் காவல். சில ரூபாய்க்காகக் குடும்பத்தை அந்த நிலைமைக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஏகபோகமா என்ற கேள்விக்கு வருவோம். ஒரு படத்தின் உரிமை ஒருவரிடம் இருப்பது சட்டமே கொடுத்த தனியுரிமை. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(5) பிரிவு, அந்த உரிமையைக் காக்க அவர் போடும் நியாயமான நிபந்தனைகளை ஏற்கிறது. "நியாயமான" என்ற அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. உரிமையாளர்கள் பலர் கூடிப் பேசி "இந்தப் பகுதிக் கடைகளுக்குக் கொடுப்பதில்லை" என்றோ, "எல்லோரும் இந்த விலைதான்" என்றோ முடிவெடுத்தால் அது கூட்டுச் சதி, 3(3) பிரிவில் வரும். ஓடிய படம் ஒன்று வேண்டுமானால் ஓடாத படம் நாற்பதையும் எடு என்று ஒருவர் கட்டாயப்படுத்தினால் அது 3(4) பிரிவில் சொல்லப்படும் பிணைப்பு. அதில் போட்டிக்குக் கெடுதல் நேர்ந்ததை நிரூபிக்க வேண்டும்.

வியாசர்பாடியில் இளைஞர் மன்ற நூலகம் நடத்துகிறோம். நன்கொடையாக வந்த டி.வி.டி.க்களைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். லாப நோக்கமில்லாத நூலகமோ கல்வி நிலையமோ, முறையாகப் பெற்ற பிரதியை லாபமின்றி இரவல் தருவது "வணிக வாடகை" ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2(எஃப்.ஏ.) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பதிவேட்டில் நன்கொடையாளர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். மன்றத்தின் முன் திரை கட்டித் தெருவுக்கே போட்டுக் காட்டுவது மட்டும் வேறு கணக்கு. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ராயபுரம் வாசகி: ஒரு செயலியில் 149 ரூபாய் கட்டிப் படம் எடுத்தேன். பாதியில் வேலை வந்துவிட்டது. மூன்றாம் நாள் திறந்தால் மறுபடி பணம் கேட்கிறது. ஏமாற்று வேலையா? அந்தப் படம் வேறு எதிலும் இல்லை. போட்டி இல்லாததால்தானே இப்படி?

நேரக் கணக்கைப் பார்ப்போம். யூடியூப், அமேசான், ஆப்பிள் மூன்றிலும் வாடகைப் படத்துக்குப் பொதுவாக இரண்டு கெடு உண்டு. பணம் கட்டியதிலிருந்து 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கிய நொடியிலிருந்து 48 மணி நேரம். சோதனைக்காக ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தாலும் 48 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பலர் இடறுவது இங்கேதான். முழுதாக உட்கார நேரம் கிடைக்கும் வரை பிளே பொத்தானைத் தொடாதீர்கள். பணம் கட்டும் முன் "வாடகை", "விலைக்கு", "சந்தாவில் உண்டு" என்ற மூன்றில் எது என்று பாருங்கள். சந்தா கட்டியவருக்கும் சில படங்கள் தனி வாடகைதான்.

கெடுவைப் பணம் கட்டும் திரையிலேயே காட்டியிருந்தால் அது ஏமாற்று ஆகாது. காட்டவில்லை என்றாலோ, படமே ஓடவில்லை என்றாலோ, ரசீதையும் திரையின் படத்தையும் வைத்துக்கொண்டு முதலில் செயலியின் உதவிப் பக்கத்தில் பணம் திரும்பக் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

ஒரே படம் ஒரே செயலியில் இருப்பதை மட்டும் வைத்து, போட்டிச் சட்டம் சொல்லும் சந்தை ஆதிக்கம் என்று சொல்ல முடியாது. ஆதிக்கத்தை அளக்கும் சந்தை ஒரு படம் அல்ல, அதற்கு மாற்றாக மக்கள் எதைப் பார்ப்பார்களோ அது முழுவதும்.

திருவொற்றியூர் பக்கம் ஒற்றைத் திரை அரங்கு. புரொஜெக்டர், சர்வர் இரண்டும் ஒரு நிறுவனத்திடம் வாடகை. தங்கள் வழியாக வரும் படத்தைத்தான் ஓட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. விநியோகஸ்தர் ஒருவர் வேறு லேபில் மலிவாக மாஸ்டர் செய்த (அரங்கில் ஓடும் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றிய) பழைய படம் கொண்டுவந்தார். ஓட்ட முடியவில்லை. "கீ கிடைக்காது" என்கிறார்கள்.

இந்த இதழின் மிக முக்கியமான கேள்வி இது. மெஷினின் தடையும் ஒப்பந்தத்தின் தடையும் இதில் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் வக்கீலிடம் போனால் பணம் வீண்.

மெஷினைப் பாருங்கள். அரங்குக்கு வரும் டிஜிட்டல் படத் தொகுப்பான டி.சி.பி. பூட்டிய நிலையில் வருகிறது. அதைத் திறக்கும் கே.டி.எம். என்ற சாவி, உங்கள் சர்வரின் சான்றிதழுக்கென்றே, இந்தத் தேதி இந்த மணியிலிருந்து இந்த மணி வரை என்று செய்யப்படுகிறது. உங்கள் சர்வர் டிஜிட்டல் சினிமாவுக்கான பொதுத் தரமான டி.சி.ஐ.யில் உள்ளதென்றால், படத்தை மாஸ்டர் செய்த லேப் எதுவானாலும், அந்தச் சர்வரின் சான்றிதழ் கோப்பு கிடைத்தால் சாவி செய்ய முடியும். நிறுவனத்தின் சொந்த வடிவத்தை மட்டும் படிக்கும் சர்வர் என்றால் முடியாது. எது என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. லேபிடம் பூட்டு போடாத ஐந்து நிமிட டி.சி.பி. ஒன்றை வாங்கி ஏற்றுங்கள். அது ஓடினால் மெஷினில் குறை இல்லை, "கீ கிடைக்காது" என்பது தொழில்நுட்பக் காரணம் இல்லை. ஏறவே இல்லை என்றால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டுக் கணினியில் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். வடிவ ஹார்டு டிஸ்க்கைப் பல சர்வர்கள் படிப்பதில்லை. லினக்ஸின் இ.எக்ஸ்.டி.2 அல்லது 3 வடிவத்தில் மாற்றி மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

சாவி வந்தும் திறக்காததற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கலாம். ரிப்பேரின்போது, சர்வரில் படத்தின் பூட்டைத் திறக்கும் மீடியா பிளாக் பலகையை மாற்றியிருப்பார்கள். சான்றிதழ் மாறிவிடும், பழைய சான்றிதழுக்குச் செய்த சாவி எதுவும் வேலை செய்யாது. அல்லது சர்வரின் கடிகாரம் பிந்தியிருக்கும். காலை 9 மணிக்குத் திறக்க வேண்டிய சாவி, சர்வருக்கு இன்னும் 9 ஆகவில்லை என்பதால் திறக்காது. அந்தக் கடிகாரத்தை ஆண்டுக்கு 6 நிமிடத்துக்கு மேல் அரங்கில் திருத்த முடியாதபடி தரக்குறிப்பே கட்டியிருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை நேரத்தைச் சரிபார்ப்பதை ஆபரேட்டரின் வேலையில் சேருங்கள்.

இனி ஒப்பந்தம். 2025 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் இதே விஷயத்தில் உத்தரவு போட்டிருக்கிறது. யு.எஃப்.ஓ. மூவிஸும் கியூப் டிஜிட்டல் சினிமாவும் அரங்குகளோடு செய்த கருவி வாடகை ஒப்பந்தங்கள், பிறரிடமிருந்து படம் வாங்குவதைத் தடுத்தன என்றும், அதனால் படத்தை மாஸ்டர் செய்து தரும் போட்டி நிறுவனங்களுக்கு வழி அடைபட்டது என்றும் கண்டது. பிணைப்பு, தனிவழங்கல், கொடுக்க மறுத்தல் ஆகிய 3(4) பிரிவின் குற்றங்களைச் சொல்லி முறையே சுமார் 1.04 கோடி, 1.66 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அத்தகைய கட்டுப்பாடு இல்லாதபடி ஒப்பந்தங்களைத் திருத்தவும் சொன்னது. புகார் கொடுத்தது அரங்கு அல்ல, வழி அடைபட்ட போட்டி நிறுவனத்தின் தரப்பு. உங்கள் விநியோகஸ்தருக்கு மாஸ்டர் செய்து கொடுத்த லேபும் அதேபோலப் போகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து எண்ணைக் குறித்து, "இந்தத் தேதியில், இந்தப் படத்துக்கு, இந்த லேபின் டி.சி.பி.யை ஓட்ட அனுமதியும் சர்வர் சான்றிதழும் கேட்கிறேன்" என்று ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். மறுப்பு எழுத்தில் வரட்டும். வாயால் சொன்ன மறுப்பு எங்கும் நிற்காது. ஆணைய உத்தரவைக் கடிதத்தில் காட்டும் முன், மேல்முறையீட்டில் அதன் அன்றைய நிலை என்ன என்று வக்கீலிடம் கேளுங்கள். கோபத்தில் சர்வரைக் கழற்றி வைக்காதீர்கள், வாடகையையும் நிறுத்தாதீர்கள். கருவி அவர்களுடையது. குறைந்தபட்ச ஒப்பந்தக் காலத்தையும் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் காட்டி உங்களை மத்தியஸ்தத்துக்கு இழுப்பார்கள், அங்கே நீங்கள்தான் தவறியவர் ஆவீர்கள். மத்தியஸ்த ஷரத்து இருப்பதால் போட்டி ஆணையத்துக்குப் போகக்கூடாது என்பது இல்லை.

இந்தக் கருவிக்கு அரங்கும் வாடகை கட்டுகிறது, தயாரிப்பாளரும் வி.பி.எஃப். என்ற டிஜிட்டல் திரையிடல் கட்டணம் கட்டுகிறார். அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஏழு வாரம் போலத் தமிழில் புதுப் படமே வெளியாகவில்லை. இரண்டு பக்கமும் பணம் வாங்குகிறவர் மூன்றாம் பக்கத்தில் கதவையும் அடைப்பது அநியாயம். சிறிய அரங்குகள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெரம்பூர் வாசகர்: நான்கு வாரத்தில் ஓ.டி.டி.க்குப் படம் வந்துவிடுகிறது. எட்டு வாரம் வேண்டும் என்று தியேட்டர் சங்கம் கேட்பது தவறா?

கேட்பது தவறில்லை. ஒரு அரங்கு, "எட்டு வாரம் தராத படத்தைப் போட மாட்டேன்" என்று தானே முடிவெடுப்பதும் அதன் உரிமை. எல்லா அரங்கும் சேர்ந்து, மீறினால் இனி அந்தத் தயாரிப்பாளரின் படமே இல்லை என்று தீர்மானம் போடும்போதுதான் கோட்டைத் தாண்டுகிறார்கள். சங்கத்தில் கட்டாயப் பதிவு, பிற வழிகளில் வெளியிடக் காத்திருப்புக் காலம் போன்ற சங்கக் கட்டுப்பாடுகளுக்காகப் பல மாநிலத் திரைப்படச் சங்கங்களை 2012இல் போட்டி ஆணையம் தண்டித்தது. மேற்கு வங்கத்தில் டப்பிங் தொடரை ஒளிபரப்பவிடாமல் கலைஞர்கள் அமைப்பு தடுத்த வழக்கில், தொழிற்சங்கம் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கக் கூட்டத்தில் அப்படித் தீர்மானம் வந்தால் உங்கள் எதிர்ப்பை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், முதலில் வந்து முழு உண்மையும் சொல்பவருக்கு அபராதத்தை முழுவதும்கூடக் குறைக்கும் போட்டிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை, வணிகவியல் மாணவி: அமெரிக்க வீடியோ வாடகைக் கடைச் சங்கிலியான பிளாக்பஸ்டர் கம்பெனி ஏகபோகமாக இருந்தும் ஏன் விழுந்தது? பாடத்தில் நெட்ஃபிளிக்ஸ் வீழ்த்தியது என்று மட்டும் இருக்கிறது.

பாதிக் கதை அது. அமெரிக்காவில் ஒரு வாடகைக் கேசட்டுக்குக் கடைக்காரர் 60 டாலருக்கு மேல் கொடுத்த காலத்தில், 1990களின் இறுதியில் பிளாக்பஸ்டர் பெரிய ஸ்டுடியோக்களுடன் வருமானப் பங்கு ஒப்பந்தம் போட்டது. கேசட்டுக்கு முன்பணம் பத்து டாலருக்கும் கீழே, பிறகு வாடகையில் பங்கு. அதனால் புதுப் படம் வந்த வாரம் அதன் அலமாரியில் ஐம்பது பிரதி, பக்கத்துச் சிறு கடையில் மூன்று. சிறு கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2002இல் டெக்ஸாஸ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதே நிபந்தனைகள் தங்களுக்கு வேண்டுமென்றே மறுக்கப்பட்டன என்பதை நிறுவ அவர்களிடம் போதிய சான்று இல்லை. உங்கள் தேர்வுக்கு இந்த இடம்தான் பாடம்: வலி இருந்தால் போதாது, காகிதம் வேண்டும்.

அடுத்து, இரண்டாம் பெரிய சங்கிலியான ஹாலிவுட் வீடியோவை வாங்க 2004இன் இறுதியில் முயன்றது. அமெரிக்க வணிக ஆணையம் கேட்ட விலை விவரங்களைச் சரியாகத் தரவில்லை என்று ஆணையமே நீதிமன்றம் போனது. 2005 மார்ச்சில் பிளாக்பஸ்டர் பின்வாங்கியது. ஹாலிவுட் வீடியோவை மூவி கேலரி வாங்கியது. 2010இல் மூவி கேலரி கடைகளை மூடியது, அதே ஆண்டு செப்டம்பரில் பிளாக்பஸ்டரும் திவால் மனு கொடுத்தது. தெருக்கடைகளை மட்டும் சந்தை என்று எண்ணுவதா, அப்போது தபாலில் வட்டு அனுப்பிய நெட்ஃபிளிக்ஸையும் சேர்ப்பதா என்பதுதான் அன்றைய அடிப்படைக் கேள்வி. சந்தையின் எல்லையை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்தே ஒருவர் ஏகபோகமா இல்லையா என்பது மாறும்.

கொடுங்கையூர் வாசகர்: ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றானதை எப்படி அனுமதித்தார்கள்?

2024 ஆகஸ்டில் போட்டி ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதித்தது, 2025 பிப்ரவரி 14 முதல் ஒரே செயலி. பெரிதாவதே குற்றம் என்று பார்த்தது 1969ஆம் ஆண்டு ஏகபோகச் சட்டத்தின் காலம். இன்றைய சட்டம் ஆதிக்கத்தைத் தண்டிப்பதில்லை, ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தண்டிக்கிறது. ஆகவே சந்தா ஏறியது என்பதை மட்டும் வைத்துப் புகார் எழுதாதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: போட்டி ஆணையத்துக்குப் புகார் கொடுக்க டெல்லி போக வேண்டுமா? எவ்வளவு செலவு?

போக வேண்டாம். ஆணையத்தின் இணையதளத்தில் மின்வழியே தாக்கல் செய்யலாம். தென் மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. தனி நபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். பங்குதாரர் நிறுவனம், கம்பெனி என்றால் விற்றுமுதலைப் பொறுத்துக் கூடும். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை, யாரும் தகவல் தரலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. ஆனால் சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் வர வேண்டும்.

எழுதும்போது வசை வேண்டாம். யார், எந்தத் தேதியில், எந்த ஷரத்தால், யாரை, எதைச் செய்யவிடாமல் தடுத்தார் என்று எண் போட்டுப் பத்தி பத்தியாக எழுதுங்கள். சந்தை எது என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: பொருள் எது, பகுதி எது, மாற்று என்ன, அது ஏன் உங்களுக்குப் போதாது. இந்தப் பத்தி இல்லாத புகார்கள் பல, முதல் பார்வையிலேயே போட்டிச் சட்டத்தின் 26(2) பிரிவில் மூடப்படுகின்றன. பாக்கித் தகராறைப் போட்டிப் பிரச்சினை என்று எழுதினாலும் அதே கதிதான். ஒப்பந்தம், ரசீது, மறுப்புக் கடிதம் மூன்றையும் இணையுங்கள், தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் ஆதாரம் என்றால் கைபேசியிலிருந்து அழிக்காதீர்கள், 2023ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படியான சான்றிதழையும் சேருங்கள். பெயரில்லாத புகார் செல்லாது. தொழிலில் பழிவாங்குவார்கள் என்ற பயம் இருந்தால், உங்கள் அடையாளத்தை ரகசியமாக வைக்கக் காரணம் சொல்லித் தனியாகக் கேட்கலாம்.

முகாந்திரம் இருந்தால் ஆணையம் தலைமை இயக்குநரின் விசாரணைக்கு அனுப்பும். அது முடியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் கடையே மூடிவிடும் என்ற நிலை என்றால் 33ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். ஆணையம் போடும் அபராதத்தில் உங்களுக்கு எதுவும் வராது. நஷ்ட ஈடு வேண்டுமென்றால் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும். புகாரை மூடிவிட்டால் மேல்முறையீடும் அங்கேதான், உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள்.